பைத்தானில் கிளாஸ், ஆப்ஜெக்ட், மரபு: தேடல் வரிசையைப் பிடித்துக்கொண்டு கற்கும் முழுமையான வழிகாட்டி

பைத்தானில் ஓர் ஆப்ஜெக்ட்டுக்குப் பின் புள்ளி வைத்து ஒரு பெயரை எழுதினால், அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்ற தேடல் நிரல் ஓடும் நேரத்தில்தான் நடக்கிறது. ஜாவாவிலும் சி++ இலும் கம்பைலர் முன்கூட்டியே முடித்துவைக்கும் வேலை இது. பைத்தானில் கிளாஸ் என்பதே ஓடும் நேரத்தில் உருவாகும் ஓர் ஆப்ஜெக்ட். அதனால் எந்தப் பெயர் எங்கே கிடைக்கும் என்பது கடைசி நொடி வரை மாறலாம். கிளாஸ் சார்ந்த விசித்திரமான பிழைகளில் பெரும்பாலானவை இந்தத் தேடலின் வரிசை தெரியாததால் வருபவை. அதனால் இந்த வழிகாட்டி மரபு, பொதிவு, பல்லுருவாக்கம் என்ற வழக்கமான பட்டியலில் தொடங்காமல் தேடலில் தொடங்குகிறது.

நிரல் துண்டுகளைப் பற்றி ஒரு குறிப்பு. `கிளாஸ்`, `டெஃப்`, `ரிட்டர்ன்`, `சூப்பர்` போன்ற மொழியின் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டச்சும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் இட வேண்டும். நீங்களே வைக்கும் பெயர்களை (`உணரி`, `அளவுகள்` போன்றவை) அப்படியே தமிழில் விடலாம். பைத்தான் 3 அவற்றை ஏற்கும். எடுத்துக்காட்டு முழுவதும் ஒன்றே: வெப்பநிலை அளக்கும் உணரிகள், அவை தரும் அளவுகள்.

படி 1: ஒரு கிளாஸை எழுதி, அதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

```
கிளாஸ் உணரி:
    அலகு = "செல்சியஸ்"

    டெஃப் __இனிட்__(செல்ஃப், பெயர்):
        செல்ஃப்.பெயர் = பெயர்
        செல்ஃப்.அளவுகள் = []

    டெஃப் சேர்(செல்ஃப், மதிப்பு):
        செல்ஃப்.அளவுகள்.அப்பெண்ட்(மதிப்பு)

அ = உணரி("உலை")
ஆ = உணரி("குளிர்பெட்டி")
```

இப்போது `அ.__டிக்ட்__` என்று அச்சிட்டால் `பெயர்`, `அளவுகள்` ஆகிய இரண்டு மட்டுமே தெரியும். `அலகு`, `சேர்` அங்கே இல்லை. `உணரி.__டிக்ட்__` என்று கேட்டால்தான் அவை வெளிப்படும். ஆப்ஜெக்ட்டுக்கு ஒரு டிக்ஷனரி, கிளாஸுக்கு வேறொரு டிக்ஷனரி. `அ.அலகு` என்று படித்தால் பைத்தான் முதல் டிக்ஷனரியில் காணாமல் இரண்டாவதில் போய் எடுத்துவருகிறது.

இதில் மனத்தில் பதிக்க வேண்டியது ஒன்று: படிக்கும்போது தேடல் மேலே ஏறும், எழுதும்போது ஏறாது. `அ.அலகு = "கெல்வின்"` என்று எழுதினால் கிளாஸில் உள்ள `அலகு` மாறாது. `அ` வின் சொந்த டிக்ஷனரியில் புதிய `அலகு` ஒன்று முளைத்து, கிளாஸில் உள்ளதை மறைத்துக்கொள்ளும். `ஆ.அலகு` இன்னும் செல்சியஸ்தான். `டெல் அ.அலகு` என்று நீக்கினால், மறைந்திருந்த கிளாஸ் மதிப்பு மறுபடி தெரியும்.

இந்த ஒரு விதியிலிருந்து இரண்டு புகழ்பெற்ற பொறிகள் பிறக்கின்றன.

முதலாவது, பகிரப்பட்ட லிஸ்ட். `அளவுகள் = []` என்பதை `__இனிட்__` உள்ளே வைக்காமல் `அலகு` வுக்குக் கீழே கிளாஸ் மட்டத்தில் வைத்துவிட்டால், உலையின் அளவுகளும் குளிர்பெட்டியின் அளவுகளும் ஒரே லிஸ்ட்டில் கலந்துவிடும். `அப்பெண்ட்` எதையும் புதிதாக எழுதுவதில்லை. தேடிக் கிடைத்த லிஸ்ட்டை அதே இடத்தில் மாற்றுகிறது. அந்த லிஸ்ட் கிளாஸில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது, கணக்கு மட்டும் தவறும். மாறக்கூடிய மதிப்புகளை (லிஸ்ட், டிக்ஷனரி, செட்) எப்போதும் `__இனிட்__` உள்ளேயே உருவாக்குங்கள். `__இனிட்__(செல்ஃப், அளவுகள்=[])` என்று ஆர்கியுமென்ட்டின் இயல்பு மதிப்பாக வைப்பதிலும் இதே கேடுதான். அந்த லிஸ்ட் `டெஃப்` வரி ஓடும்போது ஒருமுறைதான் உருவாகிறது; அடுத்தடுத்த அழைப்புகள் அதையே பகிர்கின்றன. இயல்பு மதிப்பாக `நன்` ("எதுவும் இல்லை" என்பதைக் குறிக்கும் மதிப்பு) வைத்து, உள்ளே சோதித்துப் புதிய லிஸ்ட் உருவாக்குவதே சரி.

இரண்டாவது, எண்ணி. கிளாஸில் `எண்ணிக்கை = 0` என்று வைத்து, `__இனிட்__` உள்ளே `செல்ஃப்.எண்ணிக்கை += 1` என்று எழுதினால் ஒவ்வோர் உணரியிலும் 1 இருக்கும்; கிளாஸில் 0 அப்படியே நிற்கும். வலப்பக்கம் கிளாஸிலிருந்து 0 ஐப் படித்தது, இடப்பக்கம் ஆப்ஜெக்ட்டில் 1 ஐ எழுதியது. `உணரி.எண்ணிக்கை += 1` என்று கிளாஸ் பெயரைச் சொல்லியே எழுதுங்கள். `டைப்(செல்ஃப்).எண்ணிக்கை` என்று எழுதினால், துணைக் கிளாஸ் வந்ததும் இதே சிக்கல் ஒரு மாடி மேலே திரும்ப வரும்.

படி 2: `செல்ஃப்` எப்படி வந்து சேர்கிறது

`அ.சேர்(41)` என்பது உண்மையில் `உணரி.சேர்(அ, 41)`. இரண்டாவது வடிவத்தையும் எழுதிப் பாருங்கள், அதே வேலை நடக்கும். கிளாஸில் இருக்கும் `சேர்` வெறும் ஃபங்ஷன்தான். ஆப்ஜெக்ட் வழியாக அதைத் தேடி எடுக்கும் கணத்தில் பைத்தான் அந்த ஆப்ஜெக்ட்டை முதல் ஆர்கியுமென்ட்டாகக் கட்டி, கட்டுண்ட மெத்தட் ஒன்றைத் தருகிறது. `செல்ஃப்` மொழியின் ஒதுக்குச்சொல் அன்று, வழக்கமாக வைக்கும் பெயர். ஆனாலும் அதை மாற்ற வேண்டாம்; உங்கள் நிரலைப் படிக்கும் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

`டெஃப் சேர்(மதிப்பு)` என்று `செல்ஃப்` ஐ விட்டுவிட்டால், ஒரு ஆர்கியுமென்ட் போதும் என்ற இடத்தில் இரண்டு வந்தன என்று டைப்எரர் சொல்லும். நீங்கள் கொடுத்தது ஒன்றுதான். மற்றது அந்த ஆப்ஜெக்ட். கொடுத்ததைவிட ஒன்று கூடுதலாக எண்ணும் பிழைச் செய்தியைக் கண்டால் முதலில் `செல்ஃப்` ஐத்தான் தேட வேண்டும்.

கட்டும் வேலை கிளாஸில் கிடைத்த ஃபங்ஷனுக்கு மட்டுமே நடக்கும். `அ.காட்டு = ஏதோ_ஃபங்ஷன்` என்று ஆப்ஜெக்ட்டில் நேரடியாக மாட்டினால் `செல்ஃப்` போய்ச் சேராது. ஒரே ஓர் ஆப்ஜெக்ட்டுக்கு மட்டும் மெத்தட் சேர்க்க வேண்டுமானால் `டைப்ஸ்` மாட்யூலில் உள்ள `மெத்தட்டைப்(ஃபங்ஷன், அ)` கொண்டு கட்டி மாட்டுங்கள். மாறாக `உணரி.காட்டு = ஃபங்ஷன்` என்று கிளாஸில் மாட்டினால், ஏற்கெனவே உருவான உணரிகளுக்கும் அந்த மெத்தட் உடனே கிடைத்துவிடும். தேடல் ஒவ்வொரு முறையும் புதிதாக நடப்பதன் நேரடி விளைவு இது.

படி 3: தேடலின் முழு வரிசை

`அ.பெயர்` என்று படிக்கும்போது பைத்தான் பார்க்கும் இடங்கள் இந்த வரிசையில் வரும். முதலில் `அ` வின் கிளாஸிலும் அதன் முன்னோர்களிலும் அந்தப் பெயரில் ஒரு டேட்டா டிஸ்கிரிப்டர் இருக்கிறதா என்று பார்க்கிறது. எழுதுவதையோ நீக்குவதையோ தானே கையாளும் மெத்தட் கொண்ட ஆப்ஜெக்ட்டுக்கு அந்தப் பெயர். ப்ராப்பர்ட்டி (வெளியில் பண்பு போலத் தெரிந்து, உள்ளே மெத்தட்டாக ஓடுவது; படி 4 இல் வரும்) இந்த வகைதான். இருந்தால் அதுவே வெல்லும். இல்லையெனில் `அ` வின் சொந்த டிக்ஷனரி. அங்கும் இல்லையெனில் கிளாஸ் வரிசையில் கிடைத்த மற்றவை: சாதாரண ஃபங்ஷன்கள், கிளாஸ் மாறிகள். எதுவும் இல்லையென்றால் கிளாஸில் `__கெட்அட்ர்__` இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை அழைக்கிறது. அதுவும் இல்லையேல் அட்ரிபியூட்எரர்.

இதன் நடைமுறைப் பொருள்: ஒரு மெத்தட்டை ஆப்ஜெக்ட்டின் பண்பு மறைத்துவிட முடியும், ஒரு ப்ராப்பர்ட்டியை மறைக்க முடியாது. `சராசரி` என்று ஒரு மெத்தட் வைத்துவிட்டு, `__இனிட்__` உள்ளே `செல்ஃப்.சராசரி = 0` என்றும் எழுதினால், அடுத்த முறை `அ.சராசரி()` என்று அழைக்கும்போது முழு எண்ணை அழைக்க முடியாது என்று டைப்எரர் வரும். மெத்தட் எங்கும் போய்விடவில்லை, முன்னால் ஒரு 0 நிற்கிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைத் தெரியாதவர்கள் நெடுநேரம் தவிப்பார்கள். `லென்(அ)`, `அ + ஆ`, `அ == ஆ` போன்றவை உள்ளே அழைக்கும் சிறப்பு மெத்தட்கள் ஆப்ஜெக்ட்டின் டிக்ஷனரியில் தேடப்படுவதே இல்லை; நேராகக் கிளாஸில்தான் தேடப்படும். எனவே `அ.__லென்__ = ...` என்று ஆப்ஜெக்ட்டில் மாட்டுவதால் `லென்(அ)` மாறாது.

படி 4: முதலில் வெறும் பண்பு, தேவை வந்தால் ப்ராப்பர்ட்டி

ஜாவா பழக்கத்தில் ஒவ்வொரு பண்புக்கும் எடுக்க ஒரு மெத்தட், வைக்க ஒரு மெத்தட் என்று எழுதுவதைப் பைத்தானில் தவிர்க்க வேண்டும். `அ.வெப்பம் = 41` என்று வெறும் பண்பாகவே தொடங்குங்கள். பிறகு சரிபார்ப்பு தேவைப்பட்டால், அழைக்கும் இடங்களில் ஒரு வரியும் மாற்றாமல் அதை ப்ராப்பர்ட்டியாக மாற்றலாம்.

```
    @ப்ராப்பர்ட்டி
    டெஃப் வெப்பம்(செல்ஃப்):
        ரிட்டர்ன் செல்ஃப்._வெப்பம்

    @வெப்பம்.செட்டர்
    டெஃப் வெப்பம்(செல்ஃப், மதிப்பு):
        இஃப் மதிப்பு < -273.15:
            ரெய்ஸ் வேல்யூஎரர்("தனிச் சுழியத்துக்குக் கீழே வெப்பநிலை இல்லை")
        செல்ஃப்._வெப்பம் = மதிப்பு
```

கவனிக்க வேண்டியது அடிக்கோடு. செட்டர் உள்ளே `செல்ஃப்.வெப்பம் = மதிப்பு` என்று அடிக்கோடு இல்லாமல் எழுதினால் செட்டர் தன்னையே திரும்பத் திரும்ப அழைத்து, ஆழ எல்லையைத் தாண்டியதும் ரிகர்ஷன்எரர் தரும் (அந்த எல்லை இயல்பாக 1000). இரண்டு `டெஃப்` களுக்கும் பெயர் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். செட்டருக்கு வேறு பெயர் வைத்தால், எழுதும் உரிமை அந்த வேறு பெயருக்குப் போய், `வெப்பம்` படிக்க மட்டும் என்றாகிவிடும்.

`__இனிட்__` உள்ளே `செல்ஃப்.வெப்பம் = வெப்பம்` என்று ப்ராப்பர்ட்டி வழியாகவே எழுதுங்கள். அங்கே `_வெப்பம்` என்று நேரடியாக எழுதினால் தொடக்க மதிப்பு சரிபார்ப்பைத் தாண்டிப் போய்விடும்.

ஓர் அடிக்கோடு, "இது உள்வேலை, வெளியிலிருந்து தொடாதீர்கள்" என்ற வேண்டுகோள் மட்டுமே; மொழி எதையும் தடுக்காது. இரண்டு அடிக்கோடுகளுடன் தொடங்கினால் (`__திருத்தம்`) பைத்தான் அதை `_உணரி__திருத்தம்` என்று பெயர் மாற்றிச் சேமிக்கும். துணைக் கிளாஸ் தற்செயலாக அதே பெயரை வைத்து மோதிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. அதை இரகசியக் காப்பு என்று நினைத்து எங்கும் இரட்டை அடிக்கோடு இடுவதால், சோதனை எழுதுவதும் துணைக் கிளாஸ் எழுதுவதும் வீணாகச் சிக்கலாகும். ஒற்றை அடிக்கோடே போதும்.

படி 5: வேறு வழியில் ஆப்ஜெக்ட் உருவாக்குதல்

ஒரு கிளாஸுக்கு `__இனிட்__` ஒன்றுதான். இரண்டு எழுதினால் பிந்தையது முந்தையதை அழித்துவிடும். ஆர்கியுமென்ட் வகையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. ஒரு வரி உரையிலிருந்து உணரியை உருவாக்க வேண்டுமானால் கிளாஸ்மெத்தட் எழுதுங்கள்:

```
    @கிளாஸ்மெத்தட்
    டெஃப் வரியிலிருந்து(கிளாஸ்_, வரி):
        ரிட்டர்ன் கிளாஸ்_(வரி.ஸ்ட்ரிப்())
```

உள்ளே `உணரி(...)` என்று எழுதாமல் வந்த கிளாஸையே அழைப்பதில்தான் பயன் இருக்கிறது. துணைக் கிளாஸ் வழியாக அழைத்தால் துணைக் கிளாஸின் ஆப்ஜெக்ட்டே கிடைக்கும். ஸ்டாட்டிக்மெத்தட்டுக்குக் கிளாஸும் தெரியாது, ஆப்ஜெக்ட்டும் தெரியாது. பெரும்பாலும் அது மாட்யூல் மட்டத்தில் ஒரு சாதாரண ஃபங்ஷனாக இருப்பதே நல்லது.

படி 6: மரபும் `சூப்பர்` உம்

ஒற்றை மரபு எளிது. `கிளாஸ் ஈரப்பத_உணரி(உணரி):` என்று எழுதி, `__இனிட்__` உள்ளே முதல் வேலையாக `சூப்பர்().__இனிட்__(பெயர்)` என்று அழையுங்கள். இதை மறந்தால் பிழை அந்த இடத்தில் வராது. பிற்பாடு `சேர்` ஐ அழைக்கும்போது `அளவுகள்` என்ற பண்பே இல்லை என்று வரும். தாய்க் கிளாஸ் வைக்க வேண்டிய பண்பைக் காணோம் என்றால் பார்க்க வேண்டிய முதல் இடம் துணைக் கிளாஸின் `__இனிட்__`.

பல மரபுக்கு வரும்போது `சூப்பர்` ஐப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தை உதற வேண்டும். அது "என் தாய்க் கிளாஸ்" என்று பொருள்படாது. "இந்த ஆப்ஜெக்ட்டின் கிளாஸ் வரிசையில் எனக்கு அடுத்து நிற்பவர்" என்பதே அதன் பொருள். அந்த வரிசைக்கு எம்ஆர்ஓ என்று பெயர். சி3 என்ற முறைப்படி அது கணக்கிடப்படுகிறது, பைத்தான் 2.3 முதல் இதுவே நடைமுறை. ஒவ்வொரு கிளாஸும் தன் தாய்க் கிளாஸ்களுக்கு முன்னால் வரும். தாய்க் கிளாஸ்கள் நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதிய வரிசையைக் காக்கும்.

```
கிளாஸ் உணரி:
    டெஃப் __இனிட்__(செல்ஃப், *, பெயர், **மற்றவை):
        சூப்பர்().__இனிட்__(**மற்றவை)
        செல்ஃப்.பெயர் = பெயர்
        செல்ஃப்.அளவுகள் = []

    டெஃப் சேர்(செல்ஃப், மதிப்பு):
        செல்ஃப்.அளவுகள்.அப்பெண்ட்(மதிப்பு)

கிளாஸ் பதிவு_மிக்ஸின்:
    டெஃப் __இனிட்__(செல்ஃப், *, கோப்பு, **மற்றவை):
        சூப்பர்().__இனிட்__(**மற்றவை)
        செல்ஃப்.கோப்பு = கோப்பு

    டெஃப் சேர்(செல்ஃப், மதிப்பு):
        சூப்பர்().சேர்(மதிப்பு)
        பிரிண்ட்(மதிப்பு, ஃபைல்=செல்ஃப்.கோப்பு)

கிளாஸ் பதியும்_உணரி(பதிவு_மிக்ஸின், உணரி):
    பாஸ்
```

மிக்ஸின் என்பது தனித்து நில்லாமல் மற்றொரு கிளாஸுக்குக் கூடுதல் வேலை சேர்க்கும் சிறு கிளாஸ். `பதிவு_மிக்ஸின்` எந்தக் கிளாஸிலிருந்தும் மரபு பெறவில்லை. ஆனாலும் அதன் `சூப்பர்().சேர்` வேலை செய்கிறது. `பதியும்_உணரி.__எம்ஆர்ஓ__` ஐ அச்சிட்டுப் பாருங்கள்: பதியும்_உணரி, பதிவு_மிக்ஸின், உணரி, கடைசியில் எல்லாவற்றுக்கும் மூலமான ஆப்ஜெக்ட் கிளாஸ். மிக்ஸினுக்கு அடுத்து நிற்பது உணரி, அதனால் அதன் `சேர்` கிடைக்கிறது.

இப்போது வரிசையைத் திருப்பி `பதியும்_உணரி(உணரி, பதிவு_மிக்ஸின்)` என்று எழுதுங்கள். `உணரி.சேர்` முதலில் கிடைக்கும். அது `சூப்பர்` ஐ அழைப்பதில்லை. எனவே கோப்பில் ஒரு வரியும் பதியாது. பிழைச் செய்தியும் வராது. மிக்ஸின்களை இடப்பக்கம், அடிப்படைக் கிளாஸை வலப்பக்கம் வைக்க வேண்டும் என்ற வழக்கத்துக்குக் காரணம் இதுதான்.

`**மற்றவை` ஏன்? சங்கிலியில் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய ஆர்கியுமென்ட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்தவருக்குத் தருகிறார்கள். யாருக்கும் வேண்டாத பெயர் ஒன்று வந்தால் அது ஆப்ஜெக்ட் கிளாஸின் `__இனிட்__` வரை போய், டைப்எரராக வெடிக்கும். அது நல்லதே, தட்டச்சுப் பிழை அங்கே பிடிபடுகிறது. இந்த ஏற்பாட்டில் எல்லா ஆர்கியுமென்ட்களையும் பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்: `பதியும்_உணரி(பெயர்="உலை", கோப்பு=கோ)`. சங்கிலியில் நடுவில் ஒருவர் `சூப்பர்` க்குப் பதில் `உணரி.__இனிட்__(செல்ஃப், ...)` என்று நேரடியாகக் கூப்பிட்டால், வைர வடிவ மரபில் (ஒரே மூலக் கிளாஸை இரண்டு வழிகளில் சென்றடையும் மரபில்) சில கிளாஸ்கள் இரண்டு முறை ஓடும், சில ஓடவே ஓடா.

முரணான வரிசையைக் கேட்டால், எடுத்துக்காட்டாகத் தாயை முன்னும் சேயைப் பின்னும் எழுதினால், சீரான எம்ஆர்ஓ அமைக்க முடியவில்லை என்று கிளாஸை வரையறுக்கும்போதே டைப்எரர் வரும். அடைப்புக்குறிக்குள் வரிசையை மாற்றினால் பெரும்பாலும் தீரும்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் எங்கள் பரிந்துரை: மரபு இரண்டு அடுக்கைத் தாண்டினால் நின்று யோசியுங்கள். உணரிக்குள் `செல்ஃப்.பதிவாளர்` என்று வேறோர் ஆப்ஜெக்ட்டை வைத்துக்கொண்டு அதை அழைப்பது, மிக்ஸினைவிடப் படிக்கவும் சோதிக்கவும் எளிது.

படி 7: சிறப்பு மெத்தட்கள்

எந்தக் கிளாஸ் எழுதினாலும் `__ரெப்ர்__` எழுதிவிடுங்கள். பிழை தேடும்போது நினைவக முகவரிக்குப் பதில் `உணரி('உலை', 3 அளவுகள்)` என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. `__எஸ்டிஆர்__` இல்லாதபோது `பிரிண்ட்` உம் இதையே பயன்படுத்தும்.

சமன்பாட்டில்தான் கவனம் அதிகம் வேண்டும். இயல்பாக, இரண்டு ஆப்ஜெக்ட்கள் ஒன்றேயானால்தான் `==` உண்மை. மதிப்பை ஒப்பிட வேண்டுமானால் (`அளவு` என்பது நேரமும் மதிப்பும் கொண்ட ஒரு கிளாஸ், படி 9 இல் வரும்):

```
    டெஃப் __ஈக்யூ__(செல்ஃப், மற்றது):
        இஃப் நாட் இஸ்இன்ஸ்டன்ஸ்(மற்றது, அளவு):
            ரிட்டர்ன் நாட்இம்ப்ளிமென்டட்
        ரிட்டர்ன் (செல்ஃப்.நேரம், செல்ஃப்.மதிப்பு) == (மற்றது.நேரம், மற்றது.மதிப்பு)
```

தெரியாத வகை வந்தால் `ஃபால்ஸ்` தராமல் நாட்இம்ப்ளிமென்டட் என்ற மதிப்பைத் திருப்புங்கள். அப்போது பைத்தான் மறுபக்க ஆப்ஜெக்ட்டிடம் கேட்டுப் பார்க்கும். அதற்கும் தெரியவில்லை என்றால் தானே `ஃபால்ஸ்` என்று முடிவு செய்யும். இதை நாட்இம்ப்ளிமென்டட்எரர் என்ற பிழையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது எழுப்புவதற்கு, இது திருப்புவதற்கு.

`__ஈக்யூ__` எழுதிய உடனேயே, அந்தக் கிளாஸின் `__ஹாஷ்__` (செட்டிலும் டிக்ஷனரியிலும் தேட உதவும் எண்ணைத் தரும் மெத்தட்) `நன்` ஆகிவிடும். அதுவரை செட்டிலும் டிக்ஷனரித் திறவுகோலாகவும் இருந்த ஆப்ஜெக்ட், ஹாஷ் செய்ய முடியாது என்று திடீரென டைப்எரர் தரும். சமமானவற்றின் ஹாஷும் சமமாக இருக்க வேண்டும் என்பது விதி; அதைப் பைத்தானால் ஊகிக்க முடியாததால் எடுத்துவிடுகிறது. ஒப்பிடப் பயன்படும் பண்புகள் மாறாதவை என்றால் அதே பண்புகளின் டியூப்பிளை வைத்து `__ஹாஷ்__` எழுதுங்கள். மாறக்கூடியவை என்றால் எழுதாதீர்கள். செட்டில் போட்ட பிறகு மதிப்பு மாறினால், அந்த ஆப்ஜெக்ட் செட்டுக்குள்ளேயே இருந்தும் தேடினால் கிடைக்காது.

`__லென்__` எழுதும்போது ஒரு பக்க விளைவு உண்டு. `__பூல்__` இல்லாத கிளாஸில் `இஃப் அ:` என்ற சோதனை நீளத்தைப் பார்க்கும். இன்னும் ஓர் அளவும் சேராத உணரியின் நீளம் 0, ஆகவே அது பொய். "உணரி கொடுக்கப்பட்டதா" என்று சோதிக்க `இஃப் அ இஸ் நாட் நன்:` என்றே எழுத வேண்டும்.

படி 8: வகை பார்க்காமல் வேலை வாங்குதல்

`சேர்` என்ற மெத்தட் இருக்கும் எதையும் உணரி இருக்க வேண்டிய இடத்தில் தரலாம். பைத்தான் வகையைக் கேட்பதில்லை. சோதனைகளில் உண்மை உணரிக்குப் பதில் போலி ஒன்றை வைப்பது அதனால் எளிது. ஆனால் மெத்தட் இல்லாமை அழைக்கும் கணத்தில்தான் தெரியும்.

அதை முன்னதாகத் தெரிந்துகொள்ள இரண்டு வழிகள். ஏபிசி (அப்ஸ்ட்ராக்ட் பேஸ் கிளாஸ் என்பதன் சுருக்கம்) மாட்யூலின் ஏபிசி கிளாஸிலிருந்து மரபு பெற்று, கட்டாய மெத்தட்களுக்கு `@அப்ஸ்ட்ராக்ட்மெத்தட்` இட்டால், அவற்றை எழுதாத துணைக் கிளாஸின் ஆப்ஜெக்ட்டை உருவாக்கும்போதே டைப்எரர் வரும். கிளாஸை வரையறுக்கும்போது வராது என்பதைக் கவனியுங்கள். மற்றொன்று, பைத்தான் 3.8 இல் வந்த புரோட்டகால்: எந்த மெத்தட்கள் வேண்டும் என்று மட்டும் எழுதிவைத்தால், மைபை போன்ற வகை சரிபார்க்கும் கருவி நிரலை ஓட்டாமலேயே பொருத்தம் பார்க்கும்; மரபு தேவையில்லை. மற்றவர்கள் எழுதிய கிளாஸ்களையும் ஏற்க வேண்டுமானால் புரோட்டகாலே சிறந்தது.

படி 9: தரவு மட்டும் சுமக்கும் கிளாஸ்களுக்கு டேட்டாகிளாஸ்

```
@டேட்டாகிளாஸ்(ஃப்ரோசன்=ட்ரூ, ஸ்லாட்ஸ்=ட்ரூ)
கிளாஸ் அளவு:
    நேரம்: ஃப்ளோட்
    மதிப்பு: ஃப்ளோட்
    குறிகள்: டியூப்பிள் = ()
```

பைத்தான் 3.7 முதல் டேட்டாகிளாஸ் உண்டு. ஸ்லாட்ஸ் என்ற விருப்பம் 3.10 முதல். `__இனிட்__`, `__ரெப்ர்__`, `__ஈக்யூ__` மூன்றும் தானாக வரும். ஃப்ரோசன் இட்டதால் ஹாஷும் வரும். மறக்கக் கூடாதவை: முக்காற்புள்ளியும் வகையும் இல்லாத வரி புலமாக எடுத்துக்கொள்ளப்படாது, அது வெறும் கிளாஸ் மாறிதான். எழுதிய வகையை ஓடும் நேரத்தில் யாரும் சோதிப்பதில்லை. `மதிப்பு` க்கு உரையைக் கொடுத்தாலும் ஏற்கும். சரிபார்ப்பு வேண்டுமானால் `__போஸ்ட்_இனிட்__` இல் எழுத வேண்டும். லிஸ்ட்டை இயல்பு மதிப்பாக இட்டால் வேல்யூஎரர் வரும், படி 1 இல் கண்ட பொறியை இங்கே மொழியே அடைத்திருக்கிறது; `ஃபீல்டு(டிஃபால்ட்_ஃபேக்டரி=லிஸ்ட்)` என்று எழுதுங்கள். ஃப்ரோசன் மேலோட்டமானது: புலத்தை மாற்ற முடியாது, புலத்தில் உள்ள லிஸ்ட்டின் உள்ளடக்கத்தை மாற்றலாம்.

ஸ்லாட்ஸ் இட்ட ஆப்ஜெக்ட்டுக்குத் தனி டிக்ஷனரி இராது. இலட்சக்கணக்கில் அளவுகளை உருவாக்கும்போது நினைவகம் கணிசமாக மிச்சமாகும். அதோடு `அ.மதிபபு = 3` என்று தவறாகத் தட்டச்சியது புதிய பண்பாக முளைக்காமல் பிழையாகவே வெளிப்படும். துணைக் கிளாஸ் தானும் ஸ்லாட்ஸ் இடவில்லை என்றால் டிக்ஷனரி திரும்ப வந்துவிடும். இரண்டு நன்மைகளும் போய்விடும்.

படி 10: `__கெட்அட்ர்__`, `__இனிட்_சப்கிளாஸ்__`

`__கெட்அட்ர்__` தேடல் தோற்றால் மட்டும் ஓடும். ஓர் ஆப்ஜெக்ட்டைப் போர்த்தி, தெரியாத பெயர்களை உள்ளே உள்ளதற்கு அனுப்ப அது ஏற்றது. ஆனால் `ரிட்டர்ன் கெட்அட்ர்(செல்ஃப்._உள், பெயர்)` என்று எழுதும்போது `_உள்` என்ற பண்பே இல்லாவிட்டால் முடிவில்லாமல் சுழலும். காப்பி, பிக்கிள் மாட்யூல்கள் `__இனிட்__` ஐ ஓட்டாமல் ஆப்ஜெக்ட்டை உருவாக்குவதால் இது அங்கேதான் வெடிக்கும். அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்களுக்கு உடனே அட்ரிபியூட்எரர் எழுப்பிவிடுங்கள். `__கெட்அட்ரிபியூட்__` ஒவ்வொரு தேடலுக்கும் ஓடுவது. அதைத் தொட வேண்டிய தேவை மிக அரிது.

துணைக் கிளாஸ்களைத் தானாகப் பதிவு செய்ய மெட்டாகிளாஸ் (கிளாஸையே உருவாக்கும் கிளாஸ்) எழுதும் காலம் போய்விட்டது. பைத்தான் 3.6 முதல், தாய்க் கிளாஸில் `__இனிட்_சப்கிளாஸ்__` எழுதினால் ஒவ்வொரு துணைக் கிளாஸ் உருவாகும்போதும் அது ஓடும். உள்ளே `சூப்பர்().__இனிட்_சப்கிளாஸ்__(**மற்றவை)` அழைக்க மறக்க வேண்டாம். துணைக் கிளாஸ் இருக்கும் மாட்யூல் இறக்குமதி ஆகாவிட்டால் பதிவும் நடக்காது. "என் உணரி வகை பட்டியலில் இல்லையே" என்ற புகாருக்கு அநேகமாக அதுவே காரணம்.

பிழை தேடும்போது

எதிர்பாராத மதிப்பு வந்தால் ஊகிக்காமல் தேடல் வரிசையைக் கையால் நடந்து பாருங்கள். முதலில் `டைப்(அ)`: நீங்கள் நினைத்த கிளாஸ்தானா? ஒரே கோப்பு இரண்டு வழிகளில் இறக்குமதியாகி, ஒரே பெயரில் இரண்டு கிளாஸ்கள் உருவாகியிருந்தால் `இஸ்இன்ஸ்டன்ஸ்` பொய் என்று சொல்லும்; `டைப்(அ).__மாட்யூல்__` அதைக் காட்டிக்கொடுக்கும். அடுத்து `வார்ஸ்(அ)`: ஆப்ஜெக்ட்டில் ஏதாவது மறைத்துக்கொண்டு நிற்கிறதா? ஸ்லாட்ஸ் உள்ள ஆப்ஜெக்ட்டில் இது டைப்எரர் தரும், அங்கே ஒவ்வொரு பண்பாகத்தான் பார்க்க வேண்டும். பிறகு `டைப்(அ).__எம்ஆர்ஓ__` ஐ இடமிருந்து வலமாக எடுத்து, ஒவ்வொரு கிளாஸின் `__டிக்ட்__` இலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் கிடைக்கும் கிளாஸே பொறுப்பு. படிப்பதாலேயே ப்ராப்பர்ட்டி ஓடி எதையாவது மாற்றிவிடும் என்ற ஐயம் இருந்தால், இன்ஸ்பெக்ட் மாட்யூலின் `கெட்அட்ர்_ஸ்டாட்டிக்` கொண்டு எடுங்கள். அது எதையும் ஓட்டாமல், அங்கே இருப்பது ப்ராப்பர்ட்டியா, ஃபங்ஷனா, வெறும் மதிப்பா என்பதை அப்படியே காட்டும்.